தைவானும் நானூத்திப் பதினேழாம் நம்பர் வீடும்

தைவான் நாட்டு ஜனங்க எல்லாரும் சேர்ந்து தங்களைப் பத்திக் கவலைப்பட்டதை விட, தனி ஆளா நின்னு அவங்களைப் பத்தி அதிகமாக் கவலைப்பட்ட மனுஷன் ஒருத்தர் உண்டு. அவரு தைவானுக்குப் போனது கிடையாது. அவரு போன தூர தேசம் திண்டுக்கல்லு. அதுவும் ஒரு கருத்தரங்குக்கு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் பஸ் ஏறிட்டாரு.

பேரு இருந்துச்சு, இல்லாமலா? அவரோட ஆராய்ச்சிப் புஸ்தக அட்டையில அந்தப் பேரைத் தங்க எழுத்துல அடிச்சவனே நான்தான். ஆனா மதுரைக்குப் பக்கத்துல எங்க நாகமலை புதுக்கோட்டையில டீக்கடை தொடங்கி சலூன் வரைக்கும் அவருக்குத் 'தைவான்'ங்கிறதுதான் பேரு. போஸ்ட்மேனே அந்தப் பேரைச் சொன்னாத்தான் வீட்டைக் காட்டுவாரு.

நான் அங்க டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடை வச்சிருக்கேன். சுத்தி காலேஜ் நிறைய இருக்கிறதால கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு வருங்கால டாக்டருங்க. ஊசி போடாத டாக்டருங்க. அவங்க ஆராய்ச்சி எல்லாம் எங்க கடையிலதான் பொறக்கும், எங்க கடையிலதான் கறுப்புச் சட்டை போட்டுக்கிடும். நன்றியுரைப் பக்கம் என் கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கும், பேரை மட்டும் மாத்தினாப் போதும். ஒருத்தரு மாத்த மறந்து, வேற ஒருத்தரு பொண்டாட்டிக்கு உருகி உருகி நன்றி சொல்லி, பட்டமும் வாங்கிட்டாரு. எவனும் படிக்கலைங்கிறதுக்கு அதைவிடச் சாட்சி வேணுமா?

தைவானுக்குத் தலைப்பு குடுத்தது அவரோட கைடு. நாங்க புரபசர்னு சொல்லுவோம். எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க, எனக்கு இன்னும் அங்கேருந்துதான் ஜெராக்ஸ் ஆர்டர் வருது. தைவான் முதல்ல மதுரையில பட்டறை வச்சிருக்கிற குடும்பங்களைப் பத்தித்தான் எழுதணும்னு போயிருக்காரு. புரபசர் சிரிச்சாராம். மதுரையப் பத்தி எழுதினா வைவாங்கிற வாய்மொழித் தேர்வுல எவனாவது எந்திரிச்சு எங்க தெருவுல அப்படி இல்லையேன்னு கேப்பான், தைவானைப் பத்தி எழுது, எவன் போய்ப் பாக்கப்போறான்னு சொல்லி ஒரு பென் டிரைவைக் கையில குடுத்தாராம். ஆராய்ச்சின்னா என்னன்னு நானும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த பென் டிரைவுக்குள்ள தைவான் நாட்டுக் குடும்பங்களோட சங்கதி இருந்துச்சு. வருஷா வருஷம் அதே வீடுகளுக்குப் போயி, யாரு யாரு இருக்காங்க, என்ன வேலை, என்ன சீக்கு, ஆஸ்பத்திரியில எத்தனை நாளு, வீட்டுத் தொழில் எப்படி ஓடுதுன்னு கணக்கெடுப்புக்காரங்க கேட்டு எழுதி வச்சிருக்காங்க. பேரு கிடையாது, வீட்டுக்கு ஒரு நம்பரு. வருஷத்துக்கு ஒரு ஃபைலு. வேற ஆளா இருந்தா எல்லா ஃபைலையும் ஒண்ணாத் தொறந்து, கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுத் தட்டி, ரெண்டு வருஷத்துல டாக்டராகி, மூணாவது வருஷம் கார் வாங்கியிருப்பான்.

நம்ம ஆளு ஒவ்வொரு வருஷ ஃபைலா, வரிசையாத்தான் தொறப்பாரு. ஒரு வருஷத்தை முழுசாப் படிச்சு முடிக்காம அடுத்ததைத் தொட மாட்டாரு. ஏண்ணே இப்படின்னு கேட்டா, "அந்த வீட்டு ஆளுகளுக்கே அடுத்த வருஷம் என்ன ஆகும்னு தெரியாதுண்ணே. நான் மட்டும் முன்னாடியே எட்டிப் பாக்குறது நல்லாவா இருக்கு?"ன்னு கேட்டாரு. இப்படி ஒம்பது வருஷம் ஓடிருச்சு. ஏன்யா இன்னும் முடிக்கலைன்னு புரபசர் கேக்குறப்பல்லாம், இன்னும் ரெண்டு வருஷம் வாழ வேண்டியிருக்கு சார்னு பதில் சொல்லுவாராம்.

கையில ஒரு வாட்ச் கட்டியிருப்பாரு. அதுல தைவான் நேரம் ஓடும், நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் முன்னால. அவர்கிட்டப் போயி மணி என்னன்னு கேட்டா, "எங்க?"ன்னு கேப்பாரு. சாயந்திரம் நாலு மணிக்கு டீக்கடை பெஞ்சுல வந்து உக்காந்து, அங்க இப்ப ஆறரை, பட்டறைய மூடுற நேரம்னு சொல்லிக்கிட்டே டீயை உறிஞ்சுவாரு. கடலுக்குள்ள எங்கயாவது புயல்னு டிவியில சொன்னா மூஞ்சி தொங்கிரும். நம்ம பக்கம் வராதாம்லன்னு டீ மாஸ்டர் சந்தோசப்பட்டா, உங்களுக்கென்ன சொல்லுவீங்கன்னு எந்திரிச்சுப் போயிருவாரு.

அவரு சொந்தக்காரங்க வீட்டு விசேஷம் ஒண்ணுக்கும் போனதில்ல. ஆனா தைவான்ல எந்த வீட்டுல எந்த மருமக மாமியாரோட பேசலைங்கிறது வரைக்கும் தெரியும். பேசலைன்னு ஃபைல்ல எழுதியிருக்குமான்னு கேட்டேன். ஒரே வீட்டுல ரெண்டு அடுப்புன்னு எழுதியிருக்குண்ணே, அதுக்கு வேற என்ன அர்த்தம்னு கேட்டாரு.

அம்புட்டு வீட்டுலயும் அவருக்கு உசுரு நானூத்திப் பதினேழாம் நம்பர் வீடு. ஸ்க்ரூ செய்யுற பட்டறை. வீட்டோட முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். ஒரு ஐயா, ஒரு அம்மா, ரெண்டு மகனுங்க. அந்தம்மாவுக்குச் சக்கரை வியாதி. டீக்கடையில தினம் அந்த வீட்டுச் சேதி ஓடும். மூத்தவன் தனிக்குடித்தனம் போயிட்டான், ஐயா பைக்குல இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாரு, அந்தம்மாவுக்குக் கண்ணு மங்குதுன்னு சொல்லச் சொல்ல, பெஞ்சுல இருக்கிறவங்க உச்சுக் கொட்டுவாங்க. டீ மாஸ்டர் வடைச் சட்டியப் போட்டுட்டு வந்து, "அந்தம்மாவ கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கண்ணே"ம்பாரு. இது நடந்து பல வருஷம் ஆச்சுடா கூறு கெட்டவங்களான்னு கத்தலாம்போல எனக்கு வரும். ஆனா மறுநாள் சாயந்திரம் நாலு மணிக்கு நானும்தான் பெஞ்சுல இடம் பிடிச்சு உக்காந்திருப்பேன்.

ஒம்பதாவது வருஷம் கடைசி ஃபைலையும் படிச்சு முடிச்சுட்டாரு. அப்பத்தான் சனி பிடிச்சது.

அந்த வீட்டு ஐயா கால் ஒடிஞ்சு ஆறு மாசம் படுத்திருக்காரு. பட்டறை ஜம்முனு ஓடியிருக்கு. ஆனா அந்தம்மா எந்த வருஷம் படுத்தாலும், அந்த வருஷம் பட்டறையும் படுத்துருது. சரி, அந்தம்மா என்ன வேலை பாக்குதுன்னு ஃபைல்ல பாத்தா, ஒவ்வொரு வருஷமும் 'வேலை இல்லை'ன்னு எழுதியிருக்கு. இந்த ஒரு வீடு மட்டுமில்ல, இதே மாதிரி இன்னும் நிறைய வீடு. தைவான் தலையப் பிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. டீயில சீனி போட்டாங்களா இல்லையான்னுகூட அவருக்குத் தெரியல.

ஒருநாள் நோட்டோட எங்க கடைக்கு வந்து உக்காந்தாரு. தைவான்ல கேட்ட அதே கேள்விகளை நம்ம ஆளுககிட்டயும் கேட்டுப் பாக்கப்போறேன்னாரு. வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டாரு, சொன்னேன். உங்க வேலை என்னன்னாரு, கடைன்னேன்.

"மதினி என்ன வேலை பாக்குறாங்கண்ணே?"

"அவ வேலையெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. வீட்டுல சும்மாதான் இருக்கா."

மதினின்னா என் வீட்டுக்காரி எஸ்தர். நான் இந்தப் பதிலைச் சொன்னப்ப அவ எனக்கு மூணடி பின்னால, தரையில சம்மணம் போட்டு உக்காந்து, ஒரு வருங்கால டாக்டரோட முந்நூறு பக்கத்தை ஊசி நூலால தைச்சுக்கிட்டிருந்தா. பசை காய்ச்சுறதும் அவதான், அட்டை வெட்டுறதும் அவதான், காலிகோ துணி ஒட்டுறதும் அவதான். ஊசி போற சத்தம் நின்னுருச்சு. நான் திரும்பிப் பாக்கல. திரும்புற தைரியம் யாருக்கு இருக்கு?

தைவான் நோட்டுல எழுதிக்கிட்டே, மதினிக்கு சிக்குன்குனியா வந்துச்சே, அப்பக் கடை எத்தனை நாள் பூட்டிக் கிடந்துச்சுன்னு கேட்டாரு. ரெண்டு வாரம், அது கரண்ட் கட்டுனாலன்னு சொன்னேன். ரெண்டு வாரமும் கரண்ட் இல்லையான்னாரு. மத்தியானம் எஸ்தர் வீட்டுக்குப் போயிக் கொண்டுவந்த கேரியரைத் தொறந்தா நாலு அடுக்குலயும் ரசம் இருந்துச்சு.

தைவான் துள்ளிக் குதிச்சு ஓடினாரு. ஃபைல்ல தப்பு ஒண்ணுமில்லண்ணே, கேள்விய வீட்டு ஆம்பளைகிட்டக் கேட்டதுதான் தப்பு, தைவானா இருந்தா என்ன நாகமலையா இருந்தா என்ன, எல்லாப் பயலும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கான்னு ரோட்டுல போறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டே போனாரு. ராப்பகலா உக்காந்து எழுதி என்கிட்டக் குடுத்தாரு. டைப் பண்றப்ப நான் படிச்சேன். அம்புட்டு வருஷத்துல நான் டைப் பண்ணின ஆராய்ச்சியில, படிச்சுப் புரிஞ்சது அது ஒண்ணுதான்.

புரபசருக்கும் புரிஞ்சது. அதனால கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு.

இங்கதான் விஷயமே. மார்ச் முப்பத்தொண்ணோட நம்ம தைவானோட ஆராய்ச்சிப் பதிவு முடியுது. ஏற்கனவே ரெண்டு தடவை நீட்டியாச்சு, இனி கிடையாதுன்னு எழுத்துல குடுத்துட்டாங்க. டாக்டர் பட்டம் இல்லைன்னா அவரு பாத்துக்கிட்டிருந்த கெஸ்ட் லெக்சரர் வேலையும் ஜூன்ல காலி. ஒம்பது வருஷமும் வீணு. கைடு கையெழுத்து இல்லாம புஸ்தகத்தை வாங்கவே மாட்டாங்க. முப்பத்தொண்ணுக்குப் பத்து நாள் இருக்கிறப்ப, ஒரு சனிக்கிழமை, அவரும் நானும் வில்லாபுரத்துல புரபசர் வீட்டுக்குப் போனோம். திருத்தம் சொன்னா அங்கயே வச்சு அடிச்சுக் குடுத்துரலாம்னு லேப்டாப்போட நானும் கூடப் போனேன்.

புரபசர் ஒரு சர்வதேச ஆய்விதழ் நடத்துறாரு. சர்வதேசம்னா, வாசல்ல மணிபிளான்ட் தொட்டி வச்ச அந்த முன் ரூமு. நாங்க போறப்ப அவரு வீட்டம்மா அங்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, காதுல போனை இடுக்கிக்கிட்டு, எவரோ ஒரு ஆசிரியருக்கு உங்க கட்டுரையில மூணாவது பக்கமும் ஏழாவது பக்கமும் ஒண்ணுதான்னு இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஒரு கை விரலு குக்கர் விசிலை எண்ணிக்கிட்டிருந்துச்சு. புரபசர் ஊஞ்சல்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு.

"யோவ், வேலை இல்லாத பொம்பள படுத்தா பட்டறை எப்படிய்யா நிக்கும்? வெளியாளு படிச்சாச் சிரிப்பான். ஒத்துவராத வீடு அம்புட்டையும் தூக்கு. கிராஃபுல கோடு நேரா வரும். திங்கக்கிழமையே கையெழுத்துப் போடுறேன்" அப்படின்னாரு புரபசர்.

நான் தைவான் தொடையில கிள்ளினேன். தூக்கிருங்கண்ணே, ஒரு பட்டனத் தட்டினாப் போயிரும், பொழப்பப் பாருங்கன்னு காதுல சொன்னேன். இன்னைக்கு நினைச்சா வெக்கமாத்தான் இருக்கு. அவரு என் காதுல சொல்லல, எல்லாருக்கும் கேக்குற மாதிரியே சொன்னாரு.

"ஒம்பது வருஷமா அந்தம்மாவத் தெரியும்ணே. கண்ணு மங்கினப்பகூட பட்டறைய ஓட்டியிருக்காங்க. இப்பப் போயி அப்படி ஒரு வீடே இல்லைன்னு எப்படிண்ணே எழுதுறது?"

சொல்லிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மனுஷன் பையில இருந்து நோட்டை எடுத்து, அந்த வீட்டம்மா பக்கம் திரும்பி, நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மான்னு கேட்டாரு. வம்புக்குக் கேக்கல, அவருக்கு வம்பு பண்ணவெல்லாம் தெரியாது. நிசமாவே நோட்டுல எழுதத்தான் கேட்டாரு.

புரபசர் பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம, "அவ சும்மா வீட்டுல இருக்கா. நீ விஷயத்துக்கு வா" அப்படின்னாரு.

இந்தப் பதிலுக்கு நாலு அடுக்கு ரசம் குடிச்சவன் நான். அந்தம்மா போனை வச்சாங்க. குக்கரை அணைச்சாங்க. எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து குடுத்தாங்க. முகத்துல ஒண்ணும் தெரியல. கையெழுத்து இல்லாமலே நாங்க பஸ் ஏறினோம். பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தைவான் நோட்டைப் புரட்டிக்கிட்டே வந்தாரு. வயித்தெரிச்சல் தாங்காம நான்தான் புரபசரைத் திட்டிக்கிட்டே வந்தேன்.

திங்கக்கிழமை காலையில புரபசர் வீட்டம்மா ஒரு பையத் தூக்கிக்கிட்டு மேலூருக்குப் பஸ் ஏறிட்டாங்க, தங்கச்சி வீட்டுக்கு. சண்டை கிண்டை ஒண்ணுமில்ல. ஒரு வாரம் இருந்துட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க.

அந்த வெள்ளிக்கிழமை காலேஜ்ல பெரிய மாநாடு. வெளியூர்ல இருந்து துணைவேந்தர் ஒருத்தர் வந்து ஆய்விதழோட சிறப்பு மலரை வெளியிடுறாருன்னு ஊர் பூராம் ஃப்ளெக்ஸ். புதன்கிழமை மத்தியானம் புரபசர் எங்க கடைக்குள்ள வந்தாரு. சட்டையில ரெண்டு பட்டன் மாறிப் போட்டிருந்துச்சு. மலரை வெள்ளிக்கிழமைக்குள்ள அடிச்சுக் குடுக்கணும்னாரு. கட்டுரை எங்க சார்னேன். கம்ப்யூட்டர்லன்னாரு. பாஸ்வேர்டு கேட்டேன், தெரியாது. எந்தக் கட்டுரைய எடுத்துக்கிட்டீங்க, எதைத் தள்ளுனீங்கன்னு கேட்டேன், அதுவும் தெரியாது. ஆறு நாட்டு ஆளுக போன் மேல போன் பண்றாங்களாம், யாரு எவருன்னே புரியலையாம். மேலூருக்குப் போன் போட்டிருக்காரு. எனக்கு அங்க என்ன வேலை இருக்கு, நான் எதுக்குன்னு அந்தம்மா சாதாரணமாக் கேட்டு வச்சுட்டாங்களாம்.

கடையில ஓரமா தைவான் உக்காந்திருந்தாரு. எஸ்தர் அட்டை வெட்டுறதை நிறுத்திட்டு அப்பவே ரசிக்க ஆரம்பிச்சுட்டா. நானா இருந்தா அந்த நேரத்துல விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். தைவான் சிரிக்கல. நோட்டை எடுத்தாரு. பேனா மூடியத் தொறந்தாரு.

"சார், இதழு எந்தக் கிழமையில இருந்து சார் நின்னுச்சு?"

புரபசர் அவரைப் பாத்தாரு. நோட்டையும் பாத்தாரு. அப்புறம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, கைய நீட்டி, "எங்கய்யா போடணும்?"னாரு.

நாலு பிரதியிலயும் கையெழுத்து வாங்கினோம். அவரு நேரா மேலூர் பஸ் பிடிக்கப் போனாரு. எஸ்தர் அன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டையே மறந்து தைச்சா. காலிகோ ஒட்டி, எடை வச்சு அழுத்தி, மறுநாள் காலையில தங்க எழுத்தும் போட்டு, கெடுவுக்கு முன்னாடியே புஸ்தகம் உள்ள போயிருச்சு. ஒரு வீட்டையும் தூக்கல.

வைவாவுல வெளியூர்ப் பரிட்சையாளர் ஒருத்தரு, தைவானுக்குப் போயிருக்கீங்களான்னு கேட்டாராம். இல்லைங்க, மதினி கடைக்குத்தான் போயிருக்கேன்னு நம்மாளு சொல்லியிருக்காரு. எப்படியோ பட்டம் குடுத்துட்டாங்க. லெக்சரர் வேலையும் நிலைச்சுது. இப்ப மேலூர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல இருக்காரு.

பட்டம் வந்த அன்னைக்கு ஒரு கிலோ மைசூர்பாகோட கடைக்கு வந்தாரு. முதல் துண்டை எஸ்தர்கிட்டக் குடுத்தாரு. அப்புறம் ஸ்டூல்ல உக்காந்து, இழவு விழுந்த வீடு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டாரு. என்னண்ணே, டாக்டராயிட்டு இப்படி இருக்கீங்கன்னு கேட்டேன்.

"கடைசி ஃபைல்ல அந்தம்மா ஆஸ்பத்திரியிலண்ணே இருக்காங்க. அந்தக் கணக்கெடுப்பு அதோட நின்னுபோச்சு. அடுத்த ஃபைலு கிடையாது."

அதெல்லாம் நடந்து முடிஞ்சு எம்புட்டோ வருஷமாச்சேண்ணேன்னு சொன்னேன். நமக்கு இப்பத்தானண்ணே தெரியுதுன்னாரு. கேலி பண்ண எனக்கு ஆயிரம் இருந்துச்சு. ஆனா அவரு கண்ணைத் தொடைச்சதைப் பாத்துட்டேன். அப்புறம் எங்கிட்டுக் கேலி பண்றது?

எங்க சர்ச்சுல வாசல்கிட்ட ஒரு பெட்டி வச்சிருப்பாங்க. சுகமில்லாதவங்க பேரைச் சீட்டுல எழுதிப் போட்டா, ஆராதனையில பாஸ்டர் வாசிச்சு ஜெபம் பண்ணுவாரு. அந்த ஞாயித்துக்கிழமை நான் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். பாஸ்டர் அதை ரெண்டு தடவை கண்ணாடிய ஏத்தி இறக்கிப் பாத்துட்டு வாசிச்சாரு. "தைவான் தேசத்துல ஆஸ்பத்திரியில இருக்கிற ஒரு அம்மாவுக்காக. பேரு தெரியாது. வேலை, ஸ்க்ரூ பட்டறை நடத்துறது."

சபை மொத்தமும் ஆமென் சொல்லுச்சு. நானும் சொன்னேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாவே. இதை இன்னைய வரைக்கும் தைவான்கிட்டச் சொன்னதில்ல. இந்தப் பத்திரிகைய வாங்கிப் படிச்சா அண்ணன் தெரிஞ்சுக்கிடட்டும்.